வேலியைப் பிடுங்கியவர்கள்

"சுத்திப் போ."

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? நேராகப் போனால் ஐந்து நிமிட நடை. ஆனால் அந்தத் தெரு நமக்கில்லை. ஓடையில் இறங்கி, முள்ளுக்காட்டைச் சுற்றி, அரைமணி நேரம் நடந்து போய்த்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அடிக்க வேண்டியதில்லை, வைய வேண்டியதில்லை, வழியை மறித்தால் போதும். சாதியின் கையில் இருக்கிற ஆயுதங்களில் செலவில்லாத ஆயுதம் இதுதான். நிறவெறியின் கையிலும் இதே ஆயுதம் இருந்தது.

அமெரிக்கத் தலைநகரம் வாஷிங்டனில் லெட்ராய்ட் பார்க் என்று ஒரு சின்னக் குடியிருப்பு இருக்கிறது. மொத்தமே ஐம்பத்தைந்து ஏக்கர் சுமார். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். 1873இல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று போட்ட மனைகள். சுற்றிலும் வேலி. பதினைந்து வருஷம் கழித்து ஒரு ஜூலை மாதத்தில் கறுப்பின மக்கள் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். வேலியைப் பிடுங்கியது யார், உள்ளே குடிபோனது யார், கடைசியில் அந்த இடம் யார் கையில் போய்ச் சேர்ந்தது? இந்த மூன்று கேள்விக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை டிராமிலிருந்து தொடங்குகிறது. டிராம் வருவதற்கு முன்னால் நகரம் என்பது நடந்து போகிற தூரம்தான். எசமானும் வேலைக்காரனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். பிரியத்தினால் அல்ல, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக. அடிமையின் இடம் எசமான் வீட்டுப் பின்கட்டு. தண்டவாளத்தின் மேல் குதிரை இழுக்கிற டிராம் வந்ததும் இந்தக் கணக்கு மாறிப்போனது. மாதச் சம்பளமும் தினம் டிக்கெட்டுக்குக் காசும் உள்ளவர்கள் நகரத்தின் சத்தத்தையும் புழுதியையும், அங்கே இருக்கிற ஏழைகளையும் விட்டு எட்டிப் போய் வீடு கட்டிக்கொள்ளலாம் என்றானது. அமெரிக்க நகரங்களின் புறத்தே இப்படி டிராம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த குடியிருப்புகள் ஏராளம். லெட்ராய்ட் பார்க் அவற்றில் மூத்தவற்றுள் ஒன்று.

வாஷிங்டனில் டிராம் ஓடத் தொடங்கியது 1862இல். அதே வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதிதான் அந்த நகரத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழித்தார்கள்தான், எப்படி ஒழித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். தலைக்கு முந்நூறு டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு விடுதலைச் சீட்டு மட்டும். இந்தத் தர்ம நியாயம் நமக்குப் புதிது அல்ல.

ஏழாம் தெரு வழியாக வடக்கே போன டிராம் 'எல்லைத் தெரு' என்ற இடம் வரை போனது. தெருவின் பெயரே அதுதான். நகரத்தின் திட்டமிட்ட எல்லை அங்கே முடிந்தது. 1890இல் அதற்கு ஃபுளோரிடா அவென்யூ என்று பெயர் மாற்றினார்கள். ஊர் முடிகிற அந்த இடத்துக்கு அப்பால் இருந்த நிலத்தில்தான் நம் கதை நடக்கிறது.

டிராமில் ஏறுவதற்கே ஒரு போராட்டம் நடந்தது. 1864 பிப்ரவரி 1ஆம் தேதி. அலெக்சாண்டர் அகஸ்டா என்ற கறுப்பின மருத்துவர், ராணுவத்தில் மேஜர், சீருடையோடு டிராமில் ஏறினார். ராணுவ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போய்க்கொண்டிருந்தார். நல்ல மழை. உள்ளே உட்காரக்கூடாது, முன்னால் வண்டியோட்டி பக்கத்தில் நின்றுகொண்டு வா என்றான் கண்டக்டர். முடியாது என்றார். பிடித்து வெளியே தள்ளினார்கள். மழையிலும் சேற்றிலும் நடந்தே போனார், தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். போனவர் சும்மா இருக்கவில்லை. ஏன் தாமதம் என்பதை அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் செனட் சபை வரைக்கும் போனது. சார்லஸ் சம்னர் அதை அங்கே எழுப்பினார். அடுத்த வருஷம் மார்ச்சில், வாஷிங்டனின் எந்த டிராமிலும் நிறத்தின் பேரால் யாரையும் ஏற்றாமல் விடக்கூடாது என்று சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் கண்டக்டர் மாறிவிடுவானா? அதே 1865இல் சோஜர்னர் ட்ரூத், அடிமையாகப் பிறந்து விடுதலைக்காக ஊர் ஊராகப் பேசிய அந்தக் கிழவி, டிராமில் ஏறப்போனபோது கண்டக்டர் பிடித்துத் தள்ளியதில் அவருக்குத் தோள் பிசகியது. அவர் வழக்குப் போட்டார். அவன் வேலை போயிற்று. அதற்கப்புறம்தான் டிராம் நின்றது. சட்டப் புத்தகத்திலிருந்து சட்டம் இறங்கித் தெருவுக்கு வர ஒரு கிழவியின் தோள் பிசக வேண்டியிருந்தது.

ஆக, டிராமுக்குள் சட்டம் வந்துவிட்டது. டிராமை விட்டு இறங்குகிற இடத்துக்கு?

எல்லைத் தெருவுக்கு வடக்கே மேட்டில் 1867இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஹோவர்ட் பல்கலைக்கழகம். பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற ஹார்வர்ட் வேறு, இது வேறு. விடுதலையான கறுப்பின மக்களுக்கான நிர்வாகத் துறைக்குத் தலைவராக இருந்த ஜெனரல் ஹோவர்டின் பெயரில் அமைந்தது. டிராமிலிருந்து தள்ளப்பட்ட அந்த மருத்துவர் அகஸ்டாதான் பிறகு இதன் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியரான முதல் கறுப்பர் அவர். பல்கலைக்கழகத்தை ஒட்டி, விடுதலையாகி வந்த உழைக்கும் மக்கள் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்கு ஹோவர்ட் டவுன் என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் சேரி.

அந்த மேட்டுக்கும் எல்லைத் தெருவுக்கும் நடுவில் கிடந்த நிலத்தில் நாற்பது ஏக்கரைப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கியவர் அம்ஸி பார்பர். இவர் யார் என்று தெரிந்துகொள்வது முக்கியம். அடிமை முறையை எதிர்த்த வெள்ளையர்களின் கோட்டை என்று பெயர் வாங்கிய ஓபர்லின் கல்லூரியில் படித்தவர். கறுப்பின மாணவர்களை 1835இலிருந்தே சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. படித்து முடித்து வந்து ஹோவர்டில் கறுப்பின மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். அப்படிப்பட்டவர் 1873இல் மைத்துனரோடு சேர்ந்து மனை போட்டார். மாமனார் பெயரை வைத்தார். மேப்பிள், எல்ம், ஸ்ப்ரூஸ், லிண்டன் என்று தெருவுக்கெல்லாம் மரங்களின் பெயர். ஜேம்ஸ் மக்கில் என்ற கட்டிடக் கலைஞர் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் வீடுகளை வரைந்து கொடுத்தார். முன்னால் தோட்டம், பூச்செடி. வீட்டுக்கு வீடு வேலி வேண்டாம், எல்லாம் ஒரே தோட்டம்போல் இருக்கட்டும் என்பது திட்டம். உள்ளே வேலி கிடையாது. மொத்தக் குடியிருப்பையும் சுற்றி ஒரு வேலி. வாங்குகிறவர் வெள்ளையராக இருக்க வேண்டும். ராத்திரிக்குக் காவல்.

முற்போக்காளர் பாடம் சொல்லித் தருவார். பக்கத்து வீட்டில் இரு என்று சொல்ல மாட்டார். நம்முடைய அனுபவமும் இதுதானே? மேடையில் தோளில் கை போடுகிறவர் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என்ன சொல்கிறார்?

தெற்கே நகரத்தைப் பார்த்த பக்கத்தில் வேலி அழகாக இருந்தது. வடக்கே ஹோவர்ட் டவுனைப் பார்த்த பக்கத்தில் உயரமான பலகை வேலி. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நகரத்துக்குப் போக, வேலைக்குப் போக, டிராமுக்குப் போக நேர் வழி லெட்ராய்ட் பார்க் வழியாகத்தான். வழியில் பலகை. சுத்திப் போ.

எத்தனை காலம்தான் சுத்திப் போவார்கள்? 1888 ஜூலையில் ஆட்கள் திரண்டு வந்து பலகைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மறுபடியும் நட்டார்கள், இந்த முறை முள்கம்பி. கோர்ட்டு, கச்சேரி, பத்திரிகைச் செய்தி என்று இழுபறி நடந்தது. 1891இல் வேலி ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது.

வேலியைப் பிடுங்கிய அதே 1888 அக்டோபரில்தான் பக்கத்து எக்கிங்டனுக்கு வாஷிங்டனின் முதல் மின்சார டிராம் ஓடியது. போக்குவரத்து வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வருஷத்தை மின்சார டிராமுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். நாம் வேலிக்காக நினைவில் வைத்துக்கொள்வோம்.

பிடுங்கியது யார்? புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறுகிறது. சிலது ஹோவர்ட் மாணவர்கள் என்கிறது. சிலது ஹோவர்ட் டவுன் மக்கள் என்கிறது. எப்படிச் சொன்னாலும் கூட்டமாகத்தான் சொல்கிறார்கள். 'மாணவர்கள்' என்று சொன்னால் அது கொள்கைப் போராட்டம் ஆகிவிடுகிறது. 'அக்கம்பக்கத்து ஜனங்கள்' என்று சொன்னால் அது கலகம் ஆகிவிடுகிறது. ஆனால் ஜூலை மாதம் கல்லூரி விடுமுறைக் காலம் இல்லையா? தினம் ரெண்டு வேளை சுற்றி நடந்து கால் நொந்தவர் யார்? துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவளுக்குத்தான் பலகையின் மேல் கோபம் அதிகம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இதற்குச் சான்று கேட்டால் என் கையில் ஏடு இல்லை. சுற்றி நடந்த கால்கள் உண்டு.

வேலி போனாலும் வீடு உடனே கிடைத்துவிடவில்லை. 1893இல்தான் முதல் கறுப்பினக் குடும்பம் உள்ளே வந்தது. ஆக்டேவியஸ் வில்லியம்ஸ், நாடாளுமன்றக் கட்டிடத்தில் முடிதிருத்துகிறவர். அவருடைய தொழிலைக் கவனியுங்கள். வெள்ளைக் கனவான்கள் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள், இவர் கையில் சவரக்கத்தி. கழுத்தில் கத்தி வைக்க இவர் கை ஆகும். பக்கத்து வீட்டில் இவர் மூச்சு ஆகாது. குடிவந்த கொஞ்ச நாளில், குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஜன்னல் வழியாகத் துப்பாக்கிக் குண்டு வந்து சுவரில் பாய்ந்தது என்று அவருடைய வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். குண்டை அவர் சுவரிலிருந்து எடுக்கவில்லையாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்தாராம். வரலாற்றைச் சுவரில் வைத்துக் காட்டிய அந்த மனுஷனுக்குப் பள்ளிக்கூடம் என்ன சொல்லித் தந்திருக்கப் போகிறது?

அடுத்து மேரி சர்ச் டெரலும் ராபர்ட் டெரலும். அவரும் ஓபர்லினில் படித்தவர், 1884இல் பட்டம். வேலி போட்ட பார்பர் படித்த அதே கல்லூரி. கணவர் பிறகு நீதிபதி ஆனவர். வீடு தேடி அலைந்தார்கள். பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. கறுப்பர் என்று தெரிந்ததும் விலை பேசியவர்கள் பின்வாங்கினார்கள். வேறொருவர் மூலமாகத்தான் வாங்க முடிந்தது. இதையெல்லாம் அவர் 1940இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

கறுப்பர்கள் வர வர வெள்ளையர்கள் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களுக்கென்ன, டிராம் இன்னும் தூரம் போகத் தொடங்கியிருந்தது. தண்டவாளம் எங்கே நீள்கிறதோ அங்கே புதிய மனை, புதிய நிபந்தனை. முதல் உலகப்போர் வந்தபோது லெட்ராய்ட் பார்க் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பின மக்களின் குடியிருப்பு. கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் அங்கே இருந்தார். அடிமையாகப் பிறந்து, 1925இல் அறுபத்தாறு வயதில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய அன்னா ஜூலியா கூப்பர் அங்கே இருந்தார். பகலெல்லாம் உழைக்கிற பெரியவர்களுக்கான கல்லூரியைத் தன் வீட்டிலேயே நடத்தினார். 1964இல் இறந்தபோது வயது 105. இன்று அங்கே இருக்கிற வட்டப் பூங்காவுக்கு அவர் பெயர்.

இதுவரை சொன்னது பெருமை. இதோடு நிறுத்தினால் நம்முடைய கட்டுரையும் கல்வெட்டு ஆகிவிடும்.

1924இல் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இளைஞர் லெட்ராய்ட் பார்க்கில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு வந்தார். அவர்கள் ஹோவர்ட் சட்டக் கல்லூரியைத் தொடங்கிவைத்த ஜான் மெர்சர் லாங்ஸ்டனின் வழிவந்தவர்கள். பெரிய குடும்பம். இவருக்கோ கிடைத்த வேலை சலவைக்கூடத்தில். துவைக்கிற துணி, ஈரம், வாரத்துக்குச் சில டாலர். வீட்டில் இருந்தவர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாக இருந்தது. அந்தத் தெருக்களில் கறுப்பிலேயே யார் கொஞ்சம் வெளுப்பு, யார் பட்டதாரி, யார் யாருடைய வாரிசு என்கிற கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஹியூஸ் இதைப் பார்த்துக் கசந்துபோய், 1927இல் பத்திரிகையில் வெளிப்படையாகவே தாக்கி எழுதினார். பின்னால் தன்வரலாற்றிலும் எழுதினார். அவர் பொழுதைக் கழித்தது லெட்ராய்ட் பார்க்கின் பூந்தோட்டத்தில் அல்ல, டிராம் ஓடிய ஏழாம் தெருவில். பாடுகிற, சண்டை போடுகிற, சிரிக்கிற ஏழைக் கறுப்பர்கள் மத்தியில். அவருடைய கவிதைக்கு வந்த தாளம் அந்தத் தெருவின் தாளம்.

சலவைக்காரியும் கூலிக்காரனும் சேர்ந்து பிடுங்கியதாக நான் நம்புகிற அந்த வேலி, நாற்பது வருஷத்துக்குள் மனசுக்குள் முளைத்துவிட்டது. நீதிபதி வீட்டுக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவில். இதைச் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் படித்து, உத்தியோகம் பார்த்து, நகரத்தில் வீடு வாங்கி, சொந்தக்காரன் வந்தால் தெருவில் வைத்துப் பேசி அனுப்புகிறவர்கள் இல்லையா? ஹியூஸ் தன் உறவினர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களை ஏழாம் தெருவுக்குக் கூப்பிட்டார்.

அதே சமயம் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வெளியே இருந்து அடி வந்தபோது நீதிபதி, கூலி என்ற பேதம் அடிக்கிறவனுக்குத் தெரியவில்லை. 1919 ஜூலையில் வெள்ளைக் கும்பல், அதில் சீருடைப் படைவீரர்களும் உண்டு, வாஷிங்டன் தெருக்களில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தது. ஓடுகிற டிராமை நிறுத்தி உள்ளே இருந்தவர்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். 1865இன் சட்டம் அந்த நான்கு நாளும் எங்கே போயிருந்தது? ஏழாம் தெருவையும் யூ தெருவையும் சுற்றியிருந்த மக்கள் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். ஐரோப்பாவில் போர் முடித்துத் திரும்பியிருந்த கறுப்பினச் சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். அந்தப் பக்கம் கும்பலால் நுழைய முடியவில்லை.

பலகை வேலி போன பிறகு வெள்ளையர்கள் கண்டுபிடித்தது காகித வேலி. கறுப்பருக்கு விற்க மாட்டேன் என்று பத்திரத்திலேயே எழுதி வைப்பது. லெட்ராய்ட் பார்க்குக்குக் கிழக்கே ஒட்டியிருந்த புளூமிங்டேலில் இது வலுவாக இருந்தது. 1926இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட பத்திரங்கள் செல்லும் என்றது. புளூமிங்டேலின் பிரையண்ட் தெருவில் வீடு வாங்கிய ஹர்ட் தம்பதியரை வெளியேற்றக் கீழ்க்கோர்ட்டுகள் உத்தரவு போட்டன. ஹோவர்டின் சட்டக் கல்லூரியைக் கட்டி வளர்த்த சார்லஸ் ஹூஸ்டன் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1948 மே 3ஆம் தேதி, இந்தப் பத்திரங்களை நிறைவேற்றிக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் விசாரணையில் உட்காரவில்லை. காரணம் சொல்லவில்லை. அவர்களுடைய சொந்த வீட்டுப் பத்திரத்திலேயே அந்த நிபந்தனை இருந்திருக்கும் என்றுதான் பலரும் புரிந்துகொண்டார்கள்.

டெரல் அம்மையாரின் கதையில் இன்னும் ஒரு பாதி இருக்கிறது. 1872லும் 1873லும், அதாவது லெட்ராய்ட் பார்க்குக்கு வேலி போட்ட அதே காலத்தில், வாஷிங்டனின் சட்டசபை ஒரு காரியம் செய்திருந்தது. உணவு விடுதிகளில் நிறம் பார்த்துச் சாப்பாடு மறுக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பின்னால் சட்டத் தொகுப்பு அச்சடித்தபோது அது காணாமல் போனது, அவ்வளவுதான். தாழ்த்தப்பட்டவர்களுக்கான சட்டங்கள் இப்படித்தான் சாகும். கொல்ல மாட்டார்கள், மறந்துவிடுவார்கள். 1950 பிப்ரவரியில் எண்பத்தாறு வயது மேரி டெரல் மூன்று பேரோடு ஓர் உணவு விடுதிக்குள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். மறுத்தார்கள். வழக்கு. மறியல். கைத்தடியோடு நின்றார். 1953 ஜூன் 8ஆம் தேதி அந்தச் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில நாளில் அதே விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டார். மறு வருஷம் ஜூலையில் இறந்தார். வீடு வாங்கியதோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஹியூஸின் குற்றச்சாட்டுக்கு லெட்ராய்ட் பார்க் கொடுத்த நேர்மையான பதில் இதுவாகத்தான் இருக்க முடியும்.

1962 ஜனவரியில் வாஷிங்டனில் டிராம் நின்றுபோனது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது ஏழாம் தெரு எரிந்தது. வசதியுள்ள கறுப்பர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகமே விரிவாக்கத்துக்கென்று வீடுகளை வாங்கிப் பூட்டிப்போட்டது, சிலதை இடித்தது. குடியிருந்தவர்கள் எதிர்த்து நின்றதால் 1974இல் லெட்ராய்ட் பார்க் வரலாற்றுச் சின்னப் பகுதியாகப் பட்டியலில் ஏறியது. பின்னாளில் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பல்கலைக்கழகமே செப்பனிட்டது. 1991இல் பக்கத்தில் மெட்ரோ ரயில் நிலையம் திறந்தது.

மறுபடியும் தண்டவாளம் வந்தது, மறுபடியும் கணக்கு மாறியது. இந்த முறை நகரத்தை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பழைய வீடு, மரத்தூண், நடந்தால் மெட்ரோ. விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 1970இல் வாஷிங்டன் மக்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் கறுப்பர். 2020இல் நாற்பத்தொரு பேர். யாரும் யாரையும் சுடவில்லை. யாரும் பலகை நடவில்லை. வரியும் வாடகையும் ஏறின, போய்விட்டார்கள். சரித்திரச் சின்னமாக வீடுகள் காப்பாற்றப்பட்டன. குடியிருந்தவர்களைக் காப்பாற்ற அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

2019 ஏப்ரலில் ஹோவர்ட் மாணவர்கள் ஒரு புகார் எழுப்பினார்கள். அக்கம்பக்கத்துக்குப் புதிதாக வந்த வெள்ளையர்கள் பல்கலைக்கழகத்தின் நடுமைதானத்தில் நாய்களை நடத்திக்கொண்டு போகிறார்கள், இது எங்களுக்குப் புனிதமான இடம் என்றார்கள். பிடிக்கவில்லையென்றால் பல்கலைக்கழகத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று தொலைக்காட்சியில் பதில் சொன்னார் குடியிருக்கிற ஒருவர். நூற்றைம்பது வருஷமாக அங்கே இருக்கிற பல்கலைக்கழகம். அதே மாதம் ஏழாம் தெருவும் ஃபுளோரிடா அவென்யூவும் கூடுகிற முனையில், பல வருஷமாகக் கடை வாசலில் பாடிக்கொண்டிருந்த கோ-கோ இசையை, புதிய அடுக்குமாடியிலிருந்து வந்த புகாரின்பேரில் நிறுத்தச் சொன்னார்கள். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் திரண்டு ஆடினார்கள். பாட்டுத் திரும்ப வந்தது.

அது பழைய எல்லைத் தெரு. 1888இல் வேலியைப் பிடுங்கிய ஜனங்கள் போய்ச் சேர வேண்டியிருந்த தெரு. இந்த முறை அங்கே நின்றவர்களை 'சுத்திப் போ' என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அந்த ராத்திரி ஆடியவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்தப் பக்கத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடிகிறது என்பது வேறு கேள்வி. வேலியைப் பிடுங்குகிற கை நமக்கு எப்போதும் இருந்திருக்கிறது. பிடுங்கிய நிலத்தில், பிடுங்கியவளே குடியிருக்கிற நாளுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.